வைக்கோல் கன்றின் முடி

கம்பத்தில் கறிக்கடைச் சந்துக்குப் பின்னால் இருக்கும் ஆட்டுத்தோல் மண்டிக்கு என்னென்னவோ கேட்டு ஆட்கள் வருவார்கள். கொட்டுக்கு வார் பிடிக்கத் தோல் வேண்டும் என்பார்கள், நாய்க்குப் போடக் கழிவு ஜவ்வு இருக்கிறதா என்பார்கள். முடி விழாமல் நிறுத்தித் தர வேண்டும் என்று கேட்டு அதுவரை ஒருவரும் வந்ததில்லை.

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை காலையில், கூடலூர் ஜீப்பிலிருந்து இறங்கிய ஒரு பெண் பழைய சேலையில் சுற்றிய கன்றுக்குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, மண்டிக்காரி ரஹ்மத் அவள் வழி தவறி வந்துவிட்டாள் என்று நினைத்தாள்.

"மாட்டாஸ்பத்திரி இங்கன இல்ல தாயி. அடுத்த தெருவு."

"ஆஸ்பத்திரிக்கு இனி என்னக்கா வேலை. இது செத்து ஒரு வாரமாச்சு."

உள்ளே பெஞ்சில் சாய்ந்திருந்த ரஹ்மத்தின் கணவர் அப்துல் அஜீஸ், துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, அதை நீ சொல்லவே வேண்டியதில்லை என்றார்.

சேலையை அவிழ்த்தால் வைக்கோல் அடைத்த கன்று. கால்களுக்குள் மூங்கில் குச்சி, வயிற்றோரம் சாக்குத் தையல். முதுகில் செவலை முடி பளபளவென்று கிடந்தது. வயிற்றிலும் காதிலும் வாயோரத்திலும் முடியே இல்லை. சொறி பிடித்த மாதிரித் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. ரஹ்மத் தன்னையறியாமல் ஒரு காதைப் பிடித்துப் பார்த்தாள். மிச்சமிருந்த முடியும் அவள் விரலோடு வந்துவிட்டது.

வந்தவள் பெயர் செல்வமணி. கூடலூருக்கு வெளியே, லோயர் கேம்ப் போகிற பாதையில் வீடு. ஜீப்பில் கன்றுக்கும் ஒரு சீட்டுக்காசு கேட்டார்களாம். மடியில்தானே வைத்திருக்கிறேன், கைப்பிள்ளைக்கு வாங்குவீர்களா என்று இவள் திருப்பிக் கேட்டாளாம். அதற்குப் பிறகு கம்பம் வரும்வரை ஜீப்பில் யாரும் இவள் பக்கம் திரும்பவில்லை.

அவளிடம் செவத்தி என்று ஒரு பசு. மலைமாட்டு வம்சம். சீமை மாடு என்றால் கன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் கறந்துவிடலாம். மலைமாடு அப்படி இல்லை. கன்று முன்னால் நிற்க வேண்டும், அதை முகர்ந்து நக்க வேண்டும், அப்போதுதான் மடி இறங்கும். ஈன்ற பதினோராம் நாள் கன்று கழிச்சலில் போய்விட்டது. ஊரில் எல்லாரும் செய்வதைப் போலத் தோலை உரித்து வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்தினார்கள். நாலைந்து நாள் செவத்தி அதை நக்கிக்கொண்டே பால் விட்டது. நேற்று சாயங்காலம் ஒரு நக்கு நக்கியது, நாக்கு நிறைய முடி. தலையை உதறியது. முடி போன இடத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு சீறல் சீறி, கொம்பால் நெட்டித் தள்ளியது. அதோடு பாலை அடக்கிக்கொண்டது.

"இன்னைக்கிக் காலையிலயும் ஒரு சொட்டு எறங்கல. மடி கல்லாட்டம் கெடக்கு. அவரு மாட்டை வித்துரலாம்னு வியாபாரிக்குப் போனைப் போட்டுட்டாரு. வெள்ளிக்கெழம வண்டியோட வாராகளாம்." அவர் என்றது அவள் கணவன் முத்துக்குமரனை.

ஊசி போட்டுக் கறக்கிறார்களே என்று அஜீஸ் கேட்டார். பக்கத்து வீட்டில் போட்டதைப் பார்த்திருக்கிறேன், அந்த மாடு அடுத்த ஈற்றுக்கே நிற்கவில்லை, என் கையால் அதைச் செய்யமாட்டேன் என்றாள் செல்வமணி. செவத்தியின் தாய் மலைச்சரிவில் உருண்டு செத்தபோது செவத்திக்கு வயது மூன்று நாள். துணியைப் பாலில் நனைத்து நனைத்து வாயில் வைத்து வளர்த்தவள் இவள். ஆறு வருஷமாக இவளைத் தவிர வேறு யாரையும் மடியில் கை வைக்க அது விட்டதில்லை.

"தோலு தோலுன்னா ஒங்க மண்டியத்தான் சொன்னாக. முடி மட்டும் நிக்கிறாப்புல பண்ணிக் குடுங்கக்கா."

ரஹ்மத்துக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பது வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள், முப்பத்து மூன்று வருஷமாக உப்பிலும் தோலிலும் கை ஊறியவள். ஆனால் அவள் அனுப்புகிற தோல் எல்லாம் ஆலைக்குப் போய் முதல் வேலையாகச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கும், முடியை உதிர்ப்பதற்காகவே. மண்டியிலேயே முடி கழன்ற தோல் வந்தால் தரம் ஒரு படி கீழே என்று தனியாக ஒதுக்கி வைப்பாள். ஏன் கழன்றது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கையில் ஒட்டியிருந்த செவலை முடியைப் பார்த்தபோது, முப்பத்து மூன்று வருஷம் இதைக் கேட்காமலேயே எப்படி இருந்தோம் என்று இருந்தது.

"முதுகுல நிக்குது, வயித்துல நிக்கல. அது ஏன்?" என்று கன்றிடமே கேட்பவள் போலக் கேட்டாள்.

"அதைத் தெரிஞ்சுக்கிறதுக்குத்தான தூக்கிட்டு வந்திருக்கா" என்றார் அஜீஸ்.

செத்த ஆட்டின் தோலை மண்டிக்குள் எடுப்பதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அறுத்த தோல் மட்டும்தான். அறுத்ததில் ரத்தம் வடிந்துவிடும். செத்ததில் ரத்தம் உள்ளேயே நின்று தோலைக் கெடுக்கும். ஆகவே கன்றைப் பின்வாசலில் துணி துவைக்கிற கல்லுக்குக் கொண்டுபோனாள். செல்வமணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, தையலைப் பிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

கன்று செத்தது எத்தனை மணிக்கு? விடிய நாலரை இருக்கும். உரித்தது? மத்தியானம் ஒரு மணிக்கு மேல். ஏன் அவ்வளவு நேரம்? முத்துக்குமரன் குமுளிக்கு அங்கிட்டு ஏலத்தோட்டத்து வேலைக்கு முதல் ஜீப்பில் போய்விட்டான், தகவல் கிடைத்துத் திரும்பி வர அவ்வளவு நேரமாகிவிட்டது. அதுவரை கன்று எங்கே கிடந்தது? மாட்டுக் கொட்டத்தில்தான், வெக்கையில் கெட்டுப்போகக் கூடாதென்று ஈரச்சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

"ஈரச்சாக்கா?"

"ஆமக்கா. குளுகுளுன்னு இருக்கட்டும்னு."

எட்டு மணி நேரம் ஈரத்துக்குள் புழுங்கியிருக்கிறது. அப்புறம் என்றாள் ரஹ்மத்.

"அப்புறம் குளிப்பாட்டுனேன். சுடுதண்ணி வச்சு, மஞ்சப்பொடி போட்டு. கழிச்சல்ல கெடந்த பிள்ளைக்கா. அப்பிடியே எப்பிடி உரிக்க விட?"

வெந்நீர் என்றால் கறிக்கடையில் கோழிக்கு இறகு பிடுங்க எதைச் செய்வார்களோ அதேதான். அதைச் சொன்னால் இவள் இங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவாள். செத்த பிள்ளையைக் குளிப்பாட்டாமல் அனுப்புகிற தாய் யார் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, உப்பு போட்டீர்களா என்று மட்டும் கேட்டாள் ரஹ்மத். அடுப்படியில் இருந்த தூள் உப்பு இரண்டு கை. வைக்கோல்? படப்பிலிருந்து உருவியது, சாரலில் கொஞ்சம் நனைந்திருந்தது.

உள்ளேயிருந்து வைக்கோலை இழுத்தபோது அது சூடாக இருந்தது. குப்பைக்குழிக்குள் கையை விட்ட மாதிரி. செல்வமணியின் கையையும் பிடித்து உள்ளே வைத்துக் காட்டினாள். ஐந்து நாளாகச் செவத்தி வெளியே நக்கிக்கொண்டிருந்த கன்று, உள்ளே வெந்துகொண்டிருந்திருக்கிறது.

பிறகு ஆலைக்குத் தோல் எடுத்துப் போகிற தங்கபாண்டிக்குப் போன் போட்டாள். முடி விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதும், அவர் கேலி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். விழுவதை வைத்துத்தானே நம் பிழைப்பு, உங்களுக்கு என்னம்மா ஆச்சு என்றார். விஷயத்தைச் சொன்ன பிறகு குரல் மாறியது. ஒவ்வொரு முடியும் தோலுக்குள் ஒரு குழியில் நட்ட நாற்று மாதிரி நிற்கிறது, மேல்தோல் அழுக ஆரம்பித்தால் குழி இளகிவிடும், முடி நிற்க இடம் இருக்காது என்றார். ஈரத்தை வெளியே இழுப்பதுதான் ஒரே வழி. விழுந்தது விழுந்ததுதான், நிற்பதைத்தான் நிறுத்த முடியும். இதற்கென்று மருந்து விற்கிறது, தடவினால் கல்லு மாதிரி நிற்கும் என்றும் சொன்னார்.

"நக்குனா?"

"யாரு நக்குவா?"

"மாடு."

அப்படியானால் மருந்தெல்லாம் வேண்டாம் தாயி, உப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், மிஞ்சிப் போனால் உள்பக்கம் படிகாரம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

செல்வமணியை அனுப்பிவிட்டு ரஹ்மத் வேலையில் இறங்கினாள். உள்பக்கம் ஒட்டியிருந்த ஜவ்வையெல்லாம் சூரிக்கத்தியால் வழித்தாள். ஜவ்வு இருக்கிற இடத்தில் உப்பு இறங்காது. பிரிக்காத மூட்டையிலிருந்து கல் உப்பை எடுத்து இடித்து, ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்பினாள். முடிந்தபோது சாயங்காலத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கையைக் கழுவப் போகும் அவசரத்தில், முப்பத்து மூன்று வருஷமாக எந்தத் தோலுக்கும் எதைச் செய்வாளோ அதையே செய்தாள். உள்பக்கம் உள்ளே வருகிற மாதிரி இரண்டு விலாவையும் மடித்து, கழுத்தையும் மடித்து, மேலே ஒரு சாக்கைப் போட்டுக் கல்லை வைத்தாள். ஆட்டுத்தோலுக்கு அதுதான் முறை. அப்படி மடித்துத்தான் ஆளுயரம் அடுக்குவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பிரித்துப் பார்த்தபோது மடிப்பு விழுந்த இடமெல்லாம் முடி கழன்றிருந்தது, கோடு போட்ட மாதிரி. கழுத்துக்குக் குறுக்கே ஒன்று, இரண்டு விலாவிலும் ஒவ்வொன்று. மடிப்புக்குள் வடிந்த தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே தங்கியிருக்கிறது. நல்ல தோல் அதைத் தாங்கியிருக்கும். பாதி வெந்த தோல் தாங்கவில்லை.

ரஹ்மத் அந்தத் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் ஈரச்சாக்கைப் போட்டாள், நான் வறண்ட சாக்கைப் போட்டேன், இதில் எனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. அஜீஸ் வந்து எட்டிப் பார்த்தார். மிச்சம் எவ்வளவு இருக்கு என்று கேட்டார்.

தோள்பட்டையிலிருந்து வால்வரைக்கும் ஒரு துண்டு இருந்தது. ஒரு தலையணை உறை அகலம். அதில் எங்கே இழுத்தாலும் தோலும் சேர்ந்து தூக்கியது, முடி வரவில்லை. அதை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டாள்.

"மேடா ஒரு எடத்துல விரிச்சுப் போடணும். தண்ணி வடியணும்" என்று சொல்லிக்கொண்டே ரஹ்மத் சுற்றும் பார்த்தாள். அவள் கண் போன இடத்தை அஜீஸும் பார்த்தார். அவருடைய பெஞ்சு.

"நான் எங்கன ஒக்காருறதாம்?"

"வெள்ளிக்கெழம வரைக்கும் நில்லுங்க."

பெஞ்சைப் பின்வாசல் நிழலுக்கு இழுத்துப் போட்டு, ஒரு முனைக்குக் கீழே இரண்டு செங்கலைக் கொடுத்துச் சாய்த்து, ஊறிய உப்பை உதறிவிட்டுப் புது உப்புப் போட்டு, மடிப்பே விழாமல் தோலை விரித்தாள். சிறிது நேரத்தில் கீழ்முனையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. அஜீஸ் நாள் முழுக்க நின்றுகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் என் பெஞ்சில் கன்றுக்குட்டி படுத்திருக்கிறது என்று முறையிட்டுக்கொண்டிருந்தார்.

தலை இல்லை, கால் இல்லை, வயிறு இல்லை. இந்தத் துண்டை வைத்து என்ன செய்வது? ரஹ்மத் செல்வமணிக்குப் போன் போட்டு, செவத்தி கன்றை எந்த இடத்தில் நக்கும் என்று கேட்டாள். செல்வமணிக்குச் சொல்லத் தெரியவில்லை. கறக்கிறவள் சட்டியைத்தானே பார்ப்பாள், நாக்கையா பார்ப்பாள் என்றாள். அப்படியானால் நானே வந்து பார்க்கிறேன் என்றாள் ரஹ்மத்.

புதன்கிழமை காலை திராட்சைப் பெட்டி அட்டை ஒன்றைப் பிரித்து, அதன் மேல் தோலைத் தட்டையாக வைத்து, மேலே இன்னொரு அட்டையைப் போட்டுக் கட்டிக்கொண்டு கூடலூருக்குக் கிளம்பினாள். கூடவே முடியோடு உப்புப் போட்ட ஆட்டுத்தோல் ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். அது எதற்கு என்று அஜீஸ் கேட்டார்.

"மாடு உப்புக்கு நக்குதா, பிள்ளைக்கு நக்குதான்னு பாக்கணும்."

"நக்கிக் கறந்தாச் சரி. எதுக்குன்னு தெரிஞ்சு என்ன செய்யப்போற?"

"உப்புக்குன்னா இம்புட்டுப் பாடே வேணாமுல்ல. ஒரு உப்புக் கட்டிய முன்னால வச்சுட்டுப் போயிறலாம்."

அஜீஸ் அந்த ஆட்டுத்தோலையும் சுருட்டிக் கயிறு கட்டிக் கொடுத்தார்.

கொட்டத்தில் செவத்தி கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தது. மடி விம்மிப் போய், தொட்டால் காலைத் தூக்கியது. அன்று வேலைக்குப் போகாமல் முத்துக்குமரனும் இருந்தான். மடிநோய் வந்துவிட்டால் வியாபாரியும் வாங்கமாட்டான் என்பது அவன் கவலை. அவன் கெட்டவன் இல்லை, வலியில் நிற்கிற மாட்டைப் பார்க்க முடியாதவன்.

முதலில் ஆட்டுத்தோலைக் காட்டினாள். செவத்தி ஆசையாக நக்கியது. அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசி வரை உப்பை ஒரு பொட்டு விடாமல் நக்கியது. செல்வமணி கீழே குந்திக் காம்பை நீவிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை.

"ஊறுகா கொண்டாந்து குடுத்தமாரி இருக்கு" என்றான் முத்துக்குமரன்.

ரஹ்மத்துக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பாலை இறக்குவது உப்பு இல்லை. அட்டையைப் பிரித்துக் கன்றின் தோலை எடுத்து, கழுத்துப் பக்கத்தை முன்னால் வைத்து நீட்டினாள். செவத்தி பார்த்தது, மூக்கைத் திருப்பிக்கொண்டது. தோலைத் திருப்பி வால் பக்கத்தை நீட்டினாள். செவத்தி வால் முளைக்கிற இடத்தில் மூக்கை அழுத்தி, நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. பிறகு வாயைத் திறக்காமலே தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது. வாலடியிலிருந்து முதுகை நோக்கி, முடிக்கு எதிர்வாட்டத்தில், நாக்கு ஏறியது. ஒரு தடவை. இரண்டு தடவை. தலைப்பக்கம் அது போகவே இல்லை.

"அக்கா, எறங்குது" என்றாள் கீழேயிருந்து செல்வமணி.

சட்டியில் பால் விழும் சத்தம் ரஹ்மத்துக்கும் கேட்டது. அவள் தோலைப் பார்த்தாள். நாக்குப் பட்ட இடம் நனைந்து கறுத்திருந்தது. சுட்டு விரலால் ஓரமாக ஒரு முடியைப் பிடித்து இழுத்தாள். ஒரு நொடி யோசித்து, விட்டது மாதிரி வந்தது. பக்கத்தில் இன்னொன்றை இழுத்தாள். அதுவும் வந்தது.

தோலை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

செவத்தி கழுத்தை நீட்டியது. கயிறு இறுகும்வரை நீட்டிவிட்டு, ஒரு குரல் கொடுத்தது. பால் நின்றுவிட்டது.

"என்னக்கா செய்றீக? அரைச்சட்டி கூட நெறையல. அதுகிட்டக் குடுங்க."

"குடுக்க மாட்டேன் தாயி. உப்பு இன்னும் உள்ள எறங்கல. இன்னைக்கி நக்க விட்டா வெள்ளிக்கெழமைக்கு ஒரு முடி நிக்காது."

"இன்னைக்கிப் பாலு வந்துச்சுல்ல" என்று முத்துக்குமரன் முன்னால் வந்தான். "வந்ததைப் பிடுங்கிட்டீகளே. மாடு கத்துறது காதுல விழுகலையா?"

விழுந்தது. செவத்தி இப்போது விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ரஹ்மத் மூன்று பிள்ளை பெற்றவள். அந்தச் சத்தத்துக்கு அவள் கையே தோலை நீட்டிவிடும் போலிருந்தது. அதனால்தான் மேலே எதுவும் பேசாமல் அட்டைக்குள் வைத்துக் கட்டினாள். செல்வமணி எழுந்து வந்து அவள் முகத்தையே பார்த்தாள். கொடு என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் ரஹ்மத் கொடுத்திருப்பாள். செல்வமணி சொல்லவில்லை. கணவன் பக்கம் திரும்பி, ரெண்டு நாள்தானே, ஈயச்சட்டியில் வெந்நீர் வைத்து மடிக்கு ஒத்தடம் கொடுப்போம் என்றாள்.

ஜீப்பில் திரும்பும்போது ரஹ்மத்துக்குப் பயம் வந்தது. தான் நினைப்பது தப்பாக இருந்தால்? வெள்ளிக்கிழமை வரை அந்த மடி தாங்காவிட்டால்? இதுவரை ஒரு தோலுக்காக இப்படிப் பயந்ததில்லை.

கம்பத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் முடிவெட்டுகிற கடைக்குப் போய், சவரத்துக்குப் பிறகு படிகாரத்தை ஏன் தடவுகிறீர்கள் என்று கேட்டாள். கடைக்காரர் ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, தோலைச் சுருக்கிப் பிடிக்கும், திறந்த துவாரம் மூடிக்கொள்ளும் என்றார். சுருங்கினால் குழி முடியை இறுக்கிப் பிடிக்கத்தானே வேண்டும். படிகாரம் வாங்கி இடித்து, உப்பும் ஒரு பிடி கோதுமை மாவும் சேர்த்துக் களிமாதிரி பிசைந்து உள்பக்கம் மட்டும் பூசினாள். முடிப்பக்கம் ஒரு துளி படவிடவில்லை. நாக்கில் துவர்த்தால் செவத்தி முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வாசம் போய்விட்டாலும் திருப்பிக்கொள்ளும். முடிக்குத் தண்ணீர் காட்டவே இல்லை.

வியாழக்கிழமை முழுக்கத் தோல் பெஞ்சில் கிடந்தது. வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று அஜீஸ் சொன்னார். வெயில் மேலே மட்டும் காய்ச்சிவிட்டு உள்ளே புழுங்க வைக்கும் என்று மேசை மின்விசிறியைக் கொண்டுவந்து அதன் பக்கம் திருப்பி வைத்தாள். நாலு தடவை போய் முடியை இழுத்துப் பார்த்தாள். நீ இழுத்தே மொட்டை அடித்துவிடுவாய் போலிருக்கிறதே என்றார் அவர். அன்று இரண்டு வேளையும் அவள் கவனமில்லாமல்தான் சமைத்து வைத்தாள், அவரும் உப்பு அதிகம் என்று சொல்லாமல் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கூடலூர் போய்விட்டாள். செல்வமணி ஒரு சிமெண்டுச் சாக்கில் நன்றாகக் காய்ந்த வைக்கோலை அடைத்து வைத்திருந்தாள். அதன் மேல் தோலைப் போர்த்தி, ஓரத்தை மட்டும் சாக்கோடு தைத்தார்கள். உள்ளுக்குக் காற்றுப் போக அடியில் திறந்தே விட்டாள் ரஹ்மத். தைத்து முடித்துப் பார்த்தால் கன்று என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

"தலகாணிக்கு வாலு மொளச்சமாரி இருக்கு" என்றான் முத்துக்குமரன். "இதப் பாத்து மாடு ஏமாறுமாக்கும்."

"அது பாக்குறதில்ல தம்பி. நாமதான் பாக்குறோம்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வண்டி வந்து நின்றது. வியாபாரி இறங்கி, மாட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, மடியைப் பார்த்து உச்சுக் கொட்டினார். தலையணையைப் பார்த்ததும் இது என்ன என்றார். முத்துக்குமரன் அவரிடம், கொஞ்சம் இருங்கள், ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றான்.

ரஹ்மத் வாலடியைச் செவத்தியின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். கை ஆடாமலிருக்க முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். செவத்தி முகர்ந்தது. மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு, நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் நின்றது. படிகாரம் தெரிந்துவிட்டதோ என்று ரஹ்மத் தோலை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். வியாபாரி செருமினார். பிறகு நாக்கு வெளியே வந்தது. வாலடியிலிருந்து மேலே, எதிர்வாட்டத்தில், கரகரவென்று சத்தம் கேட்கிற அளவுக்கு அழுத்தமாக ஒரு நக்கு. முடி சிலிர்த்து நின்றது. மறுபடி படிந்தது. மறுபடி ஒரு நக்கு. தொண்டைக்குள் அந்தச் சத்தம்.

சட்டியில் பால் விழுகிற சத்தம் கேட்டது. முதலில் ஒற்றைக் கம்பியாக, பிறகு இரண்டு கையும் மாறி மாறி, நுரை கட்டி, சத்தமே மழுங்குகிற வரைக்கும்.

செவத்தியின் நாக்கில் ரஹ்மத் பார்த்தது நாலைந்து முடி. உயிரோடு இருக்கிற கன்றை நக்கினாலும் அவ்வளவு வரும்.

வியாபாரி வண்டியில் ஏறும்போது முத்துக்குமரன் கூடவே போய் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு வந்தான். அப்படியே ரஹ்மத்திடம் வந்து இது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்டான்.

"தெரியலப்பா. நான் இதுக்கு முந்தி செஞ்சதில்ல. நக்கி முடிச்சதும் காஞ்ச துணியால ஒத்தி எடுத்துக் காய வையுங்க, ஈரத்தோட மட்டும் வச்சுறாதீக. தெனமும் காலையில எனக்குப் போன் பண்ணுங்க. நின்னாலும் சொல்லணும், விழுந்தாலும் சொல்லணும். எந்த எடத்துல விழுதுன்னு பாத்துச் சொல்லணும்."

முத்துக்குமரன் தலையாட்டினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, நனைந்த முடியைத் துடைக்காமல் மெதுவாக ஒத்தினான். பிறகு வாலைத் தொங்கவிடாமல் ஒரு கையில் தாங்கி, கன்றைத் தூக்கிக்கொண்டு கொட்டத்துக்கு வெளியே வந்தான். வேப்பமரத்துக்கு அடியில் ஒருமுறை நின்றான், கூரை இறவாரத்துக்கு அடியில் ஒருமுறை நின்றான், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்த்தான்.

"இங்கன வைக்கவாக்கா? இல்ல, அங்கிட்டுக் கட்டில் மேல வைக்கவா?"

"கட்டில்லயே வை. அடியில காத்துப் போகும்."

அவன் கட்டிலில் வைத்துவிட்டு, தானும் ஓரமாக உட்கார்ந்து, ஈயை விரட்டிக்கொண்டிருந்தான்.